பந்தியும் மேடையும்: சமய உரையாடலில் வலியோரும் எளியோரும்



தாமிரபரணிக் கரையிலுள்ள நம் சேரன்மகாதேவியின் பெயர் தமிழக அரசியல் வரலாற்றில் நிலைத்து நிற்பதற்குக் காரணம் ஒரு சாப்பாட்டுப் பந்தி. விடுதலைப் போராட்ட வீரரும் தமிழறிஞருமான வ.வே.சு. ஐயர் 1922-இல் தொடங்கிய தமிழ்க் குருகுலம் இவ்வூரில் நடைபெற்று வந்தது. தேசியக் கல்வி அளிப்பதே அதன் நோக்கம். தமிழ்நாடு காங்கிரஸ் அதற்குப் பத்தாயிரம் ரூபாய் தர இசைந்து, முதலில் ஐந்தாயிரம் ரூபாய் வழங்கியது. பல சாதியினரும் நன்கொடை அளித்தனர். ஆனால், பெற்றோர் வேண்டுகோளின்படி பிராமணச் சிறுவர் இருவருக்கு அங்கே தனியே உணவு பரிமாறப்பட்டது. செய்தி வெளியே வந்ததும் 1924, 1925 ஆம் ஆண்டுகளில் பெரும் கிளர்ச்சி மூண்டது. டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் ஈ.வெ. ராமசாமிப் பெரியாரும் அதை முன்னின்று நடத்தினர். அவ்விருவர்க்கும் அளித்த வாக்கைக் காப்பாற்றலாம், இனிச் சேர்க்கப்படுவோர்க்கு இவ்வேற்பாடு கூடாது என்று காந்தியடிகள் ஒரு சமரசம் சொல்லிப் பார்த்தார். பூசல் தணியவில்லை. 1925-இல் ஐயர் குருகுலப் பொறுப்பிலிருந்து விலகினார். அவ்வாண்டு ஜூன் மாதத்தில் பாபநாசம் அருவியில் விழுந்த தம் மகளைக் காப்பாற்ற முயன்று உயிர் நீத்தார். ஆண்டின் இறுதியில் பெரியார் காங்கிரசை விட்டு வெளியேறினார்.

இஃது ஒரே சமயத்தாருக்குள் எழுந்த வழக்கு. முஸ்லிம்களாகிய நமக்கு அதில் பங்கில்லை என்று கடந்துவிடலாம். ஆனால் அவ்வழக்கில் மீண்டும் மீண்டும் எழுந்த ஒரு வாதம் நம் கவனத்திற்குரியது. ‘இரண்டு பிள்ளைகள்தாமே! இத்தனை நல்ல பணி நடக்கும் இடத்தில் இச்சிறு செய்தியைப் பெரிதாக்கலாமா?’ என்பது ஒரு தரப்பின் வியப்பு. அவ்வியப்பு பொய்யானதன்று. உள்ளே அமர்ந்திருப்பவருக்கு அது உண்மையிலேயே சிறிதாகத்தான் தெரிந்தது. வெளியே அமர்த்தப்பட்டவருக்கோ அந்த இரண்டு இலைகளே முழுச் செய்தியாக இருந்தன. வலியோருக்குச் சிறு ஏற்பாடாகத் தோன்றுவது எளியோருக்குத் தம் நிலையை அறிவிக்கும் பலகையாகத் தெரிகிறது. இரு தரப்பும் ஒரே பந்தியைப் பார்த்துக்கொண்டே இரு வேறு பொருள் கொண்டன.

சமயங்களுக்கிடையே நிகழும் உரையாடலிலும் இதுவே நேர்கிறது. மதநல்லிணக்கக் கூட்டங்கள், கல்லூரிக் கருத்தரங்குகள், திருவிழாக்களுக்கு முன் நடக்கும் அமைதிப் பேச்சுகள், ரமலானில் நடத்தும் நல்லிணக்க இஃப்தார் நிகழ்ச்சிகள் என்று பல இடங்களில் நாம் பிற சமயச் சகோதரர்களோடு அமர்கிறோம். அழைப்பவரின் நல்லெண்ணத்தில் பெரும்பாலும் ஐயமில்லை. இருந்தும் நம்மவர் பலர் அங்கிருந்து ஒருவிதக் களைப்போடு திரும்புகின்றனர். அக்களைப்பின் காரணத்தை அறிய இரண்டு வினாக்கள் போதும். அங்கே கேள்வியை வகுத்தவர் யார்? விடைக்கு விலை கொடுப்பவர் யார்? இவ்விரு வினாக்களையும் கையில் கொண்டு வரலாற்றின் சில பக்கங்களை இங்கே புரட்டுவோம்.

நஜ்ஜாஷியின் அவையில்

இஸ்லாமிய வரலாற்றில் பிற சமயத்தாரோடு அரசவையில் நிகழ்ந்த முதல் உரையாடல், முஸ்லிம்கள் அகதிகளாக இருந்தபோது நடந்தது. மக்காவின் கொடுமை தாங்காமல் கி.பி. 615 அளவில் ஒரு சிறு கூட்டத்தார் கடல் கடந்து அபிசீனியாவில் அடைக்கலம் புகுந்தனர். அந்நாட்டை ஆண்டவர் கிறிஸ்தவ மன்னர் நஜ்ஜாஷி. அவர்களை மீட்டுக்கொண்டு செல்லக் குறைஷியர் இரு தூதர்களைப் பரிசுப் பொருள்களோடு அனுப்பினர். தூதர்கள் முதலில் மன்னரின் சமயத் தலைவர்களைச் சந்தித்துப் பரிசளித்தனர். ‘அடைக்கலம் புகுந்தோரிடம் எதுவும் கேளாமலேயே எங்களிடம் ஒப்படைக்குமாறு மன்னருக்கு நீங்கள் ஆலோசனை கூற வேண்டும்’ என்பது அவர்களது கோரிக்கை. எளியோரைப் பேசவிடாமல் அவர்களைப் பற்றிய முடிவை எடுத்துவிட வேண்டும் என்பதே அதன் கருத்து.

நஜ்ஜாஷி இணங்கவில்லை. தம்மிடம் புகலடைந்தோரின் சொல்லைத் தாமே கேட்காமல் ஒப்படைக்க மாட்டேன் என்றார். ஜஅஃபர் பின் அபீதாலிப் (ரலி) அவர்கள் அவையில் எழுந்து, தம் மக்கள் முன்பிருந்த நிலையையும், நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்தவற்றையும், தாம் நாடு துறந்த காரணத்தையும் எடுத்துரைத்தார்கள். அன்று தோற்ற தூதர்கள் மறுநாள் வேறொரு கேள்வியோடு வந்தனர். ஈஸா (அலை) அவர்களைப் பற்றி இவர்கள் சொல்வதைக் கேளுங்கள் என்றனர். மன்னரின் நம்பிக்கையும் அகதிகளின் நம்பிக்கையும் வேறுபடும் இடம் அதுவே என்பதை அவர்கள் நன்கறிந்திருந்தனர். அக்கேள்விக்கான விடையின் விலை முஸ்லிம்களின் உயிராகவும் இருந்திருக்கலாம். ஜஅஃபர் (ரலி) அவர்கள் மழுப்பவில்லை. அல்லாஹ்வின் அடியார், அவனுடைய தூதர் என்று இஸ்லாம் கூறுவதை அப்படியே கூறினார்கள். மன்னர் குறைஷியரின் பரிசுகளைத் திருப்பி அனுப்பினார்.

இந்நிகழ்வை நம் மதரஸாக்களில் ஜஅஃபர் (ரலி) அவர்களின் நாவன்மைக்குச் சான்றாகக் கற்பிக்கிறோம். நஜ்ஜாஷியின் நடத்தையும் அதே அளவு கற்பிக்கத்தக்கது. அவை அவருடையது, படை அவருடையது, நாடு அவருடையது. தம் சமயத் தலைவர்கள் சொல்லையும் மீறி எளியோரின் வாயிலிருந்தே அவர்களைப் பற்றி அறிய விரும்பினார். தமக்கு ஒவ்வாத விடை வந்தபோதும் அடைக்கலத்தைத் திரும்பப் பெறவில்லை. அந்த அவையில் வலிமையின் ஏற்றத்தாழ்வு இருக்கத்தான் செய்தது. வலிமை உடையவர் தம்மைத் தாமே கட்டுப்படுத்திக்கொண்டதால்தான் அங்கே உரையாடல் இயன்றது.

தரங்கம்பாடியும் ஆக்ராவும்

நம் தமிழ் மண்ணில் எழுத்தில் பதிவான பழைய சமய உரையாடல்களுள் தரங்கம்பாடியில் நிகழ்ந்தவை குறிப்பிடத்தக்கவை. 1706 ஜூலையில் அங்கு வந்திறங்கிய ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்கு தமிழ் கற்று, இந்துக்களோடும் முஸ்லிம்களோடும் சமயம் பற்றி உரையாடினார். அவரும் அவருடைய தோழர்களும் வகுத்த கேள்விகளுக்குத் தமிழர்கள் எழுதிய விடைகள் ஜெர்மன் மொழியில் பெயர்க்கப்பட்டு ஹாலே நகரில் அச்சாயின. அவ்வகையில் 99 கடிதங்கள் வெளிவந்தன. தமிழர் வாழ்வை ஐரோப்பியர் அறியச் செய்ததில் அவற்றின் பங்கு பெரிது. சீகன்பால்கு தமிழரை இழிவாக எண்ணியவரும் அல்லர். டேனியக் கோட்டைத் தலைவரோடு முரண்பட்டுச் சில மாதங்கள் சிறையிலும் இருந்தவர்.

ஆயினும் நம் வினாவை அங்கே வைத்துப் பார்ப்போம். கேள்விகள் போதகர்களுடையவை. மொழிபெயர்ப்பும் அடிக்குறிப்பும் அவர்களுடையவை. அச்சுக்கூடமும் அவர்களுடையது. விடையளித்த தமிழர் தம் சொல் ஜெர்மனியில் எவ்வாறு படிக்கப்பட்டது என்பதை அறிய வழியில்லை. மறுகேள்வி கேட்டு ஹாலேயிலிருந்து விடை பெறும் முறை எதுவும் அமைக்கப்படவில்லை. நல்ல மனிதர்கள் நடத்திய உரையாடலும் ஒருவழிப் பாதையாகிவிட முடியும் என்பதற்கு அது சான்று.

அதன் பின்னர் ஒன்றரை நூற்றாண்டு கடந்து, கம்பெனி ஆட்சியில் வேறொரு காட்சியைக் காண்கிறோம். 1854 ஏப்ரல் 10, 11 ஆகிய நாள்களில் ஆக்ராவில் மௌலானா ரஹ்மத்துல்லாஹ் கைரானவி அவர்களும் ஜெர்மானிய மதபோதகர் ஃபாண்டரும் பொது அவையில் விவாதித்தனர். மௌலானாவுக்குத் துணையாக டாக்டர் வஸீர் கான் இருந்தார். மேனாட்டார் பைபிளை ஆய்ந்து எழுதிய நூல்களைப் படித்தறிந்தவர் அவர். விவாதத்திற்குரிய ஐந்து தலைப்புகள் முன்கூட்டியே இரு தரப்பின் ஒப்புதலோடு முடிவு செய்யப்பட்டன. முன்னுள்ள வேதங்களின் சட்ட நீக்கமும் திரிபும் முதலில் எடுத்துக்கொள்ளப்பட்டன. இரண்டு நாள்கள் அவற்றோடே கழிந்தன. பிரதிகளில் சில இடங்களில் வேறுபாடு நேர்ந்திருப்பதை ஃபாண்டர் ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

யார் வென்றார் என்பதைப் பேசுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. எளிய தரப்பு அங்கே கேள்வியை வகுப்பதில் சரிபாதிப் பங்கைக் கேட்டுப் பெற்றது என்பதே நாம் காணவேண்டியது. இனி இரண்டாம் வினாவுக்கு வருவோம். 1857 எழுச்சிக்குப் பின் மௌலானா தேடப்படும் மனிதரானார். அவருடைய சொத்துகள் பறிமுதல் செய்யப்பட்டன. அவர் மக்காவுக்குச் சென்று அங்கேயே வாழ்ந்தார். புகழ்பெற்ற ஸௌலத்திய்யா மதரஸாவை அங்கு நிறுவினார். ‘இள்ஹாருல் ஹக்’ என்னும் நூலையும் தாய்நாட்டிற்கு வெளியே இருந்துதான் எழுதினார். அவருக்கு நேர்ந்த துன்பம் விவாதத்தால் மட்டும் வந்ததன்று, எழுச்சியில் பங்கேற்றதால் வந்தது. எனினும், ஆட்சியின் நிழலில் நின்று பேசியவர் பணியைத் தொடர, எதிரே நின்றவர் ஊரையே இழந்தார். அவையில் நாற்காலிகள் சமமாக இடப்பட்டிருந்தன. அவைக்கு வெளியே அச்சமநிலை இல்லை.

பேட்டையிலிருந்து அரசியல் நிர்ணய சபைக்கு

அண்மை வரலாற்றில் இவ்வினாக்கள் மிகக் கூர்மையாக எழுந்த இடம் இந்திய அரசியல் நிர்ணய சபை. அங்கே நம் தாமிரபரணி மண்ணின் மைந்தர் ஒருவர் எழுந்து நின்று பேசினார். திருநெல்வேலிப் பேட்டையில் 1896 ஜூன் 5 அன்று பிறந்த காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் ஸாஹிப் அவர்களைச் சொல்கிறோம்.

அக்காலச் சூழலை நினைவிற்கொள்ள வேண்டும். பிரிவினையின் இரத்தம் காயவில்லை. 1947 ஆகஸ்ட் 27 அன்று, விடுதலை பெற்று இரண்டு வாரம்கூட நிறையாத நேரத்தில், சென்னை மாகாணத்தின் மலபாரைச் சேர்ந்த பி. போக்கர் ஸாஹிப், முஸ்லிம்களுக்குத் தனித்தொகுதி வேண்டுமென்று திருத்தம் கொண்டுவந்தார். மறுநாள் சர்தார் படேல் விடையளித்தபோது, அத்தகைய ஏற்பாட்டை விரும்புவோர்க்கு உரிய இடம் பாகிஸ்தான், இந்நாடு அன்று என்னும் பொருள்படக் கூறினார். அவையில் கைதட்டல் எழுந்தது. தனித்தொகுதி முறை சரியா தவறா என்பதில் முஸ்லிம் உறுப்பினர்களிடையேயே கருத்து வேறுபாடு இருந்தது. பேகம் ஐஜாஸ் ரசூல் போன்றோர் ஒதுக்கீடே வேண்டாம் என்றனர். அது விவாதிக்கத்தக்க பொருள். ஆனால் கோரிக்கையின் தகுதியை ஆராயும் வினாவுக்கு முன்னால் வேறொரு வினா வந்து நின்றுவிட்டது. ‘நீ இந்நாட்டவன்தானா?’ என்பதே அது. அவ்வினாவை எதிர்கொள்ளாமல் அடுத்த வாக்கியத்தைப் பேச முடியாத நிலை ஒரு தரப்புக்கு மட்டும் உண்டாயிற்று.

அச்சூழலில்தான் 1948 மார்ச் 10 அன்று சென்னையில் கூடிய கூட்டத்தில் இந்திய யூனியன் முஸ்லிம் லீக் உருவாக, அதன் தலைமையை இஸ்மாயில் ஸாஹிப் ஏற்றார். அவ்வாண்டு நவம்பர் 23 அன்று, பொது உரிமையியல் சட்டம் பற்றிய வரைவு உறுப்பு 35 அவைக்கு வந்தது. தமக்கெனத் தனிச் சட்டம் உடைய எச்சமூகமும் அதைக் கைவிடுமாறு கட்டாயப்படுத்தப்படக் கூடாது என்று அவர் திருத்தம் முன்மொழிந்தார். ‘முஸ்லிம்கள்’ என்று எழுதாமல் எச்சமூகத்திற்கும் பொருந்துமாறு அவர் அதை அமைத்தது நோக்கத்தக்கது. கே.எம். முன்ஷியும் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரும் எதிர்த்துப் பேசினர். டாக்டர் அம்பேத்கர் திருத்தத்தை ஏற்க மறுத்தார். ஆயினும், விரும்பி ஏற்போருக்கு மட்டுமே பொருந்துமாறு எதிர்கால நாடாளுமன்றம் அச்சட்டத்தைத் தொடங்கலாம் என்று ஒரு வழியையும் சுட்டிக்காட்டினார். திருத்தங்கள் தோற்றன. அவ்வுறுப்பே இன்று 44ஆம் உறுப்பாக உள்ளது. 1949 மே மாதம் ஒதுக்கீட்டைக் கைவிடும் தீர்மானம் வந்தபோதும் இஸ்மாயில் ஸாஹிப் எழுந்து தம் திருத்தத்தை வைத்தார். அதுவும் தோற்றது.

எண்ணிக்கை முன்பே தெரிந்த ஓர் அவையில், தோல்வி உறுதி என்று அறிந்தும், குரலை உயர்த்தாமல், அவையை விட்டு வெளியேறாமல், தம் மக்களின் கருத்தை அவர் பதிவு செய்தார். முடிவை மாற்ற முடியாதவர் பேசுவதால் என்ன பயன் என்று கேட்கலாம். ஏழு பத்தாண்டுகளுக்குப் பின்னும் பொது உரிமையியல் சட்டம் பற்றிய விவாதம் எழும்போதெல்லாம் அன்றைய அவைக்குறிப்பு புரட்டப்படுகிறது. முஸ்லிம்கள் அன்றே எதிர்ப்பின்றி இசைந்துவிட்டனர் என்று எவராலும் எழுத முடியாமற் போனதற்கு அப்பேச்சுகளே காரணம்.

அதே அவையில் வேறொரு பக்கமும் உண்டு, அதையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். 1948 டிசம்பர் 6 அன்று, சமயத்தைப் பரப்பும் உரிமை அடிப்படை உரிமையாக வேண்டுமா என்ற கேள்வி வந்தது. கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் மதிக்கும் உரிமை அது. அச்சொல்லை நீக்க வேண்டும் என்று சிலர் வலியுறுத்தினர். எல். கிருஷ்ணசாமி பாரதி, கே. சந்தானம், டி.டி. கிருஷ்ணமாச்சாரி ஆகிய தமிழ்நாட்டு உறுப்பினர்கள் அச்சொல் நிலைக்க வேண்டும் என்று பேசினர். தாம் பல ஆண்டுகள் கிறிஸ்தவக் கல்வி நிலையங்களில் பயின்றதையும், தம்மை மதம் மாற்ற அங்கு எவரும் முயலவில்லை என்பதையும் கிருஷ்ணமாச்சாரி சான்றாகக் கூறினார். 25ஆம் உறுப்பில் அச்சொல் இன்றும் இருக்கிறது. பெரும்பான்மையினர், தமக்குத் தேவைப்படாத ஓர் உரிமையைச் சிறுபான்மையினருக்காகக் காத்துக் கொடுத்த நாள் அது. நஜ்ஜாஷியின் பண்பை இங்கும் காண்கிறோம்.

மீனாட்சிபுரம்: கேட்கப்படாத கேள்வி

1981 பிப்ரவரி 19 அன்று, அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில், தென்காசிக்கு அருகிலுள்ள மீனாட்சிபுரத்தில் தலித் மக்கள் பெருந்திரளாக இஸ்லாத்தைத் தழுவினர். ஏறத்தாழ 180 குடும்பங்கள் என்பது பரவலாகக் குறிக்கப்படும் கணக்கு. ஊர் ரஹ்மத் நகர் என்ற பெயரும் பெற்றது. அடுத்த சில மாதங்களில் நாடே அச்சிற்றூரை நோக்கித் திரும்பியது. வாஜ்பாய் உள்ளிட்ட அரசியல் தலைவர்களும் சமயத் தலைவர்களும் செய்தியாளர்களும் வந்து சென்றனர்.

வந்தவருள் பெரும்பாலோர் கொண்டுவந்த கேள்வி ஒன்றே. ‘பணம் எங்கிருந்து வந்தது?’ வளைகுடாப் பணம் என்ற சொல் அப்போது பத்திரிகைகளில் நிறைந்தது. அம்மக்கள் சொன்ன விடை வேறு. சாதியின் பெயரால் பட்ட இழிவையும், மதிப்போடு வாழும் விருப்பத்தையும் அவர்கள் கூறினர். ஊரில் கள ஆய்வு செய்து 1983-இல் நூல் வெளியிட்ட மும்தாஸ் அலி கானும் சமூக இழிவையே முதன்மைக் காரணமாகக் கண்டார். ஆனால் கேள்வி ‘ஏன்’ என்று இல்லாமல் ‘யார் பணம்’ என்று அமைந்துவிட்டதால், விடை கேட்பாரின்றிப் போயிற்று. ஒரு மனிதர் தம் உள்ளத்தால் ஒரு முடிவை எடுத்தார் என்று ஏற்பதற்கே பலர் ஆயத்தமாக இல்லை.

விடைக்கு விலை கொடுத்தவரும் அவர்களே. 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணைப்படி அச்சலுகைகள் முதலில் இந்துக்களுக்கு உரியவையாக இருந்தன. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். இஸ்லாத்தையோ கிறிஸ்தவத்தையோ ஏற்றவர் அவற்றை இழக்கிறார். மேலும், 2002-இல் தமிழக அரசு கொண்டுவந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டத்தை எண்ணிப் பாருங்கள். வலுக்கட்டாயம், ஆசை காட்டுதல் ஆகியவற்றுக்கு மூன்றாண்டு வரை சிறை என்ற அச்சட்டம், மாற்றப்பட்டவர் பெண்ணாகவோ சிறாராகவோ பட்டியல் சாதியினராகவோ பழங்குடியினராகவோ இருப்பின் நான்காண்டு வரை என்றது. 2004-இல் அது திரும்பப் பெறப்பட்டது. எளியோரைக் காப்பதாகத்தான் அப்பிரிவு எழுதப்பட்டது. ஆனால் பெண்ணும் தலித்தும் தாமே ஆராய்ந்து ஒரு முடிவுக்கு வரமாட்டார் என்ற எண்ணமும் அதனுள் அடங்கியிருந்தது. ஒருவரைத் தாமே சிந்திக்க வல்லவர் என்று ஏற்காதவரை அவரோடு நடத்தும் பேச்சு உரையாடலாக முடியாது.

நாம் வலியோராக இருக்கும் இடங்கள்

இதுவரை கூறியவற்றைப் படித்து, நாம் என்றும் எளியோரே என்று மனநிறைவு கொள்வது நேர்மையாகாது. மீனாட்சிபுரத்து மக்கள் கேட்டது ஒரே பந்தி, ஒரே ஸஃப். தொழுகையின் ஸஃப் உடனே கிடைத்தது. திருமண உறவிலும் ஜமாஅத் பொறுப்புகளிலும் அதே வேகத்தில் நாம் இடம் கொடுத்தோமா? ‘புதிதாக வந்தவர்கள்’ என்ற அடையாளம் எத்தனை தலைமுறைக்குத் தொடர்கிறது? இக்கேள்வியைத் தமிழக ஜமாஅத்துகள் தமக்குள் கேட்டுக்கொள்ளக் கடமைப்பட்டுள்ளன.

அவ்வாறே, நம் மக்கள் செறிந்து வாழும் தெருக்களிலும் ஊர்களிலும் பெரும்பான்மை நாமே. அங்குள்ள இந்து, கிறிஸ்தவக் குடும்பம் நம் ஒலிபெருக்கியைப் பற்றியோ கடைத்தெருவின் நேரத்தைப் பற்றியோ ஒரு குறையை அச்சமின்றிச் சொல்ல முடிகிறதா? ‘எல்லோரும் அண்ணன் தம்பியாகத்தான் இருக்கிறோம்’ என்று நாம் சொல்லும்போது, அதே சொல்லை அவர்களும் நம்மைப் பாராமலே சொல்வார்களா?

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவில் ஆட்சித் தலைவராக இருந்தபோது நஜ்ரானிலிருந்து கிறிஸ்தவத் தூதுக்குழு ஒன்று வந்தது. அறுபது பேர் வந்ததாக இப்னு இஸ்ஹாக் குறிக்கிறார். அவர்களுடைய வழிபாட்டு நேரம் வந்தபோது மஸ்ஜிதுந் நபவியிலேயே கிழக்கு நோக்கித் தொழ எழுந்தனர். தடுக்க முற்பட்டவர்களை விலக்கி, அவர்களை விட்டுவிடுமாறு அண்ணலார் (ஸல்) பணித்தார்கள். ஈஸா (அலை) அவர்களைப் பற்றிய உரையாடல் உடன்பாட்டில் முடியவில்லை. அவர்கள் தம் சமயத்திலேயே நிலைத்து, உடன்படிக்கை செய்துகொண்டு ஊர் திரும்பினர். அவ்வுடன்படிக்கையின்படி அவர்கள் வரி செலுத்தினர், ஆட்சி முஸ்லிம்களுடையது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் அவர்களுடைய தேவாலயங்களுக்கும் குருமார்களுக்கும் பாதுகாப்பு எழுதிக் கொடுக்கப்பட்டது. தம் பள்ளிவாசலில், தம் நகரில், தம் ஆட்சியில் வந்தவரை அவருடைய வழியிலேயே வணங்கவிட்ட அந்த நடத்தை நமக்குச் சுன்னத்தாக முன்நிற்கிறது.

திருக்குர்ஆனும் இவ்வொழுங்கையே கற்பிக்கிறது. அழகிய முறையிலன்றி வேதக்காரர்களோடு தர்க்கம் செய்யலாகாது என்று 29:46 வசனமும், பிறர் வணங்குபவற்றை ஏசலாகாது என்று 6:108 வசனமும், நம்மோடு போரிடாதவர்களுக்கு நன்மையும் நீதியும் செய்வதற்குத் தடையில்லை என்று 60:8 வசனமும், ஒரு கூட்டத்தாரின் மீதுள்ள வெறுப்பு நீதி தவறச் செய்துவிடக் கூடாது என்று 5:8 வசனமும் உணர்த்துகின்றன. இவற்றுள் எதுவும் ‘நீங்கள் சிறுபான்மையாக இருந்தால்’ என்ற நிபந்தனையோடு வரவில்லை.

நடைமுறையில்

அழைப்பு வந்தால் மறுத்துவிடுவது எளிது. ஆனால் இஸ்மாயில் ஸாஹிப் அவையை விட்டு எழுந்து போகவில்லை, ஜஅஃபர் (ரலி) அவர்களும் வாய் மூடவில்லை. ஆகவே செல்வோம். செல்லும் முன், பேசப்படும் பொருள் என்ன என்பதைக் கேட்டறிவோம். அதில் நம் பக்கத்துக் கேள்வி ஒன்றையும் சேர்க்குமாறு பணிவாக வேண்டுவோம். ஆக்ராவில் கைரானவி அவர்கள் செய்தது அதுவே. உலகின் எங்கோ ஒரு மூலையில் நடந்த குற்றத்திற்கு நாம் விளக்கம் தர வேண்டும் என்று கேட்கப்பட்டால், குற்றத்தைக் குற்றம் என்று ஒரு வாக்கியத்தில் தெளிவாகச் சொல்லிவிட்டு, நம் ஊரின் செய்திக்கு வருவோம். நம் பிள்ளைகள் பள்ளியிலும் கல்லூரியிலும் இத்தகைய கேள்விகளைத் தனியே எதிர்கொள்கின்றனர். சினத்தாலோ அச்சத்தாலோ அன்றி, தெரிந்ததைச் சொல்லவும் தெரியாததைத் தெரியாது என்று சொல்லவும் வீட்டிலேயே அவர்களைப் பழக்க வேண்டியது பெற்றோரின் பொறுப்பு.

நாம் விருந்தளிப்பவராக இருக்கும் இஃப்தார் மேடைகளிலும் மாற்றம் தேவை. வந்தவரை வாழ்த்திப் பேசச் சொல்லி, நம் மார்க்கத்தின் சிறப்பை நாமே உரைத்து, பிரியாணி கொடுத்து அனுப்பிவிடுகிறோம். அவர்களிடம் ஒரு கேள்வியாவது கேட்கிறோமா? அவர்கள் நம்மைக் கேட்க விரும்பும் கடினமான கேள்விக்கு நேரம் ஒதுக்குகிறோமா?

மேடை இல்லாத இடங்களில் இப்பள்ளத்தாக்கு மக்கள் நன்றாகவே வாழ்ந்து வருகிறார்கள். பக்கத்துப் பத்தமடையில் முஸ்லிம் நெசவாளர் தாமிரபரணிக் கோரையில் நெய்யும் கல்யாணப் பாயில், இந்து மணமக்களின் பெயர்கள் பிசகின்றி எழுந்து வருகின்றன. அந்த உறவு அரியது, பேணத்தக்கது. ஆனால் பாய் வாங்குபவரும் விற்பவரும் காட்டும் நல்லுறவு, நீதி பற்றிய பேச்சுக்கு மாற்றாகிவிடாது. குருகுலத்திலும் அன்றாடம் அன்பு இருந்திருக்கும், பாடம் நடந்திருக்கும், விளையாட்டு இருந்திருக்கும். இலை போடும் நேரத்தில்தான் வேறுபாடு தெரிந்தது.

வலிமை நம் கையில் இருக்கும் இடத்தில் நஜ்ஜாஷியைப் போல் முதலில் கேட்கவும், வலிமை பிறர் கையில் இருக்கும் இடத்தில் ஜஅஃபர் (ரலி) அவர்களைப் போல் மழுப்பாமல் சொல்லவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.